ஆணி வேறாம்!

“ஆணி வேறாம்!”

குதிகாலாரின் காதில் முழுசாக விழுந்தது அவ்வளவுதான். மெஷின் போட்ட சத்தத்தில் மற்றதெல்லாம் அடிபட்டுப் போயிற்று. வாசலில் நின்று, வாயருகே கையைக் குவித்துக்கொண்டு ஆபீஸ் பெண் என்னென்னவோ கத்தினாள். “செவப்பு ஜோடி” என்றாள். “முதலாளி” என்றாள். கடைசியில் “ஆணி வேறாம்!” என்று சொல்லிப் பல் தெரியச் சிரிக்கவும் செய்தாள். அதற்குள் ஆபீசில் போன் அடிக்க, ஓடிவிட்டாள்.

குதிகாலார் மெஷினை நிறுத்தினார்.

“என்ன வேற? எந்த ஆணி வேற?” என்று காலி வாசலைப் பார்த்துக் கேட்டார். வாசல் பதில் சொல்லவில்லை.

பெண்களுக்கான உயரக் குதிகால் காலணி செய்கிற கம்பெனி அது. அங்கே எல்லோரும் ஹீல் என்றுதான் சொல்வார்கள். இவர் ஒருவர்தான் வாய் நிறையக் ‘குதிகால்’ என்பார். அதனால் வந்த பெயர். கடைசியில் ஒட்டியிருக்கிற ‘ஆர்’ மரியாதைக்கா, கேலிக்கா என்று யாரும் விளக்கவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை, மரியாதை என்றே வரவில் வைத்துக்கொண்டார்.

குதிகால் மாட்டுவது அவர் வேலை. காலணியை மெஷினில் பொருத்தி, குதிகாலை அதற்கென்று இருக்கிற பிடியில் உட்காரவைத்து, காலால் மிதியை ஒரு அழுத்து அழுத்தினால், உள்ளேயிருந்து ஆணிகள் ஒரே நேரத்தில் இறங்கிக் குதிகாலைக் கவ்விக்கொள்ளும். அதன் மேல் மெத்தைத் தோலை ஒட்டிவிட்டால் ஆணி அடித்த சுவடே தெரியாது. அவர் மாட்டிய குதிகால் ஒன்றுகூடக் கழன்றதாகச் சரித்திரம் இல்லை. சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தவரும் அவரேதான் என்றாலும், அது உண்மைதான்.

அப்படிப்பட்டவரிடம் வந்து ஆணி வேறாம்!

அதுவும் சிவப்பு ஜோடியில். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு ஒரு பெரிய கடையிலிருந்து ஒரு அம்மா வருகிறார். அந்த ஜோடி அவருக்குப் பிடித்துவிட்டால் வருஷம் முழுக்கக் கம்பெனிக்கு வேலை. பிடிக்காவிட்டால் பாதி மெஷின்களுக்குத் துணி போட்டு மூட வேண்டியதுதான் என்று முதலாளியே சொல்லியிருக்கிறார்.

குதிகாலார் ஆணிப் பெட்டிகளைத் திறந்தார். ஒன்றில் முறுக்கு ஆணி. உடம்பெல்லாம் திருகு ஓடியிருக்கும், உள்ளே போனால் போனதுதான். இன்னொன்றில் சாதா ஆணி. குதிகாலுக்கு முறுக்கு ஆணிதான். அதைத்தான் அடித்தார். தூக்கத்தில் அடித்தாலும் அதைத்தான் அடிப்பார்.

நேரே தையல் பகுதிக்குப் போனார். அங்கே அவர் மனைவி தலையைக் குனிந்து மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தாள். சிவப்பு ஜோடியின் மேல்தோலும் அவள் தைத்ததுதான். அது மட்டுமில்லை, மாதிரிக்கென்று செய்கிற ஜோடியெல்லாம் ஒரே அளவு, அந்த அளவு அவளுடைய கால் அளவு. வருகிறவர்கள் முன்னால் அதைப் போட்டு நடந்து காட்டுவதும் அவள்தான்.

“இந்தா, உனக்கு விஷயம் தெரியுமா? செவப்பு ஜோடியில ஆணி வேறன்னு முதலாளி சொல்லியனுப்பியிருக்காரு.”

“எந்த ஆணியாம்?”

“அதைச் சொல்லலை.”

“போய்க் கேளுங்க.”

“கேக்கிறதா? நானா?”

“கேட்டா என்ன, வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?”

“உனக்குப் புரியாது. ‘என்ன ஆணிங்கய்யா?’ன்னு போய் நின்னா, நான் அடிச்ச ஆணி எனக்கே தெரியலைன்னு ஆயிடும். நானே பார்த்துக்கிறேன்.”

“நானே பார்த்துக்கிறேன்னு நீங்க சொன்னதும்தான் எனக்குப் பயமா இருக்கு” என்று சொல்லிவிட்டு அவள் தையலைத் தொடர்ந்தாள்.

மெத்தைத் தோலுக்கு அடியில் இருக்கிற ஆணி முதலாளியின் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று குதிகாலார் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். ரோஷம் வந்துவிட்டால் அவருக்கு யோசனை வராது. இரண்டுக்கும் அவர் தலையில் ஒரே நாற்காலிதான் இருந்தது.

முதலாளி விருந்தாளியை அழைத்துவரப் போயிருந்தார். சிவப்பு ஜோடி அவர் மேஜையில் ஜம்மென்று நின்றது. குதிகாலார் அதை எடுத்துத் துணியில் சுற்றும்போது, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே ஆபீஸ் பெண் கேட்டாள்.

“அண்ணே, நான் சொன்னது காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு, விழுந்துச்சு.”

“சந்தோஷம்தானே?”

குதிகாலாருக்குச் சுருக்கென்றது. வயசென்ன, வாயென்ன!

“ரொம்ப சந்தோஷம்” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

“அக்காகிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். போய்க் கேக்கச் சொன்னா.”

“இதுல கேக்கிறதுக்கு என்ன இருக்கு? கம்பெனிக்கே தெரிஞ்ச விஷயம்தானே! முதலாளி வாயால வர்றதுக்குத்தான் இத்தனை நாளாச்சு.”

குதிகாலாருக்குக் காது இரண்டும் சூடேறின. கம்பெனிக்கே தெரியுமா! இத்தனை நாளாக எல்லோரும் தன் முதுகுக்குப் பின்னால் ஆணியைப் பற்றித்தான் பேசினார்களா! ஜோடியை மார்போடு அணைத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார்.

மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இடது காலணியின் மெத்தைத் தோலை உரித்தார். உள்ளே முறுக்கு ஆணிகள் ஒழுங்காக, வட்டமாக, ஒன்றுக்கொன்று சளைக்காமல் உட்கார்ந்திருந்தன. பார்க்கவே அழகாக இருந்தது. அங்கேயே மூடி வைத்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

“முறுக்கு ஆணியேதான். அப்ப நீளம் போதலைங்கிறாரு போல” என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதினார். ஆணி பிடுங்குகிற குறடு ஒன்றை எடுத்தார்.

முறுக்கு ஆணி லேசில் வருமா? அது வரக்கூடாது என்பதற்காகத்தானே அதை அடித்ததே. ஒரு காலால் மேஜையை உதைத்துக்கொண்டு இழுத்தார். ஆணி வந்தது. கூடவே குதிகாலின் மேல் விளிம்பும் ‘டப்’பென்று உடைந்து வந்தது.

“என் கைக்கு எதிரா நானே இழுத்தா இப்படித்தான்” என்று பெருமையும் கவலையுமாகச் சொல்லிக்கொண்டார்.

பெரிதாகிவிட்ட துவாரத்துக்கு நீள ஆணி போட்டார். அது ஒழுங்காக இறங்கி, குதிகாலின் பக்கவாட்டில் மூக்கை நீட்டியது. சுத்தியலால் மூக்கைத் தட்டினார். அங்கே சுற்றியிருந்த சிவப்புத் தோல் கிழிந்தது. சரி, குதிகாலையே மாற்றிவிடலாம் என்று அலமாரியைத் துழாவினார். அதே சிவப்பில் குதிகால் இருந்தது. விரல் தடிமன் உயரம் அதிகம்.

ஒரு கால் மட்டும் உயர்ந்தால் நடக்கிறவள் சாய்ந்துவிடுவாள். அதனால் ஒரு பாவமும் அறியாத வலது காலணியும் மேஜைக்கு வந்தது. அதன் ஆணிகளையும் மல்லுக்கட்டிப் பிடுங்கிவிட்டு, புதுக் குதிகாலை மெஷினில் வைத்து மிதியை அழுத்தினார். அழுத்திய பிறகுதான் ஞாபகம் வந்தது: குதிகால் உயரம் மாறினால் பிடியையும் ஏற்றி வைக்க வேண்டும். அதைப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் பாடமாகச் சொல்லித்தருவது அவர்தான். ஆணிகள் கோணலாக இறங்கிவிட்டன. வலது குதிகால் யாரோ கூப்பிட்டதுபோல ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது.

இடது காலுக்குப் பிடியைச் சரியாக ஏற்றினார். ஆனால் பிடுங்கிப் பிடுங்கி அடித்தட்டு முழுக்க ஓட்டை. எந்த ஆணியும் நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் பசையைத் தடவி ஒட்டினார். வெறும் பசை! குதிகாலார் கையால்! அவருக்கே தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

“என்னங்க, அந்த அம்மா வந்துட்டாங்க. ஜோடியைக் குடுங்க.”

மனைவி வந்து நின்றாள். அவர் ஜோடியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“கொஞ்சம் இரு. பசை காயட்டும்.”

“நேத்தே முடிஞ்ச ஜோடியில இன்னைக்கு என்ன பசை?” என்று அவள் பிடுங்கிப் பார்த்தாள். “இது ஏன் உயரமா இருக்கு? வலது கால் எங்க பார்க்குது?”

“அதை விடு. வலதுல ஆணி இருக்கு, கோணினாலும் தாங்கும். இடதுலதான் ஆணி இல்லை. நடக்கும்போது இடது குதிகாலைத் தரையில வெக்காதே.”

“வெக்காம? பறக்கணுமா?”

“முன்பாதத்தில நட.”

“இத்தனை வருஷத்துல என்னைத் தரையில விட்டதே இல்லைன்னு ஊர்ல நீங்க பெருமை அடிச்சுக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே அவள் காலை நுழைத்தாள். முகத்தில் கோபம் இருந்தது. ஆனால் முதுகு நேராகிவிட்டது. குதிகாலாரிடம் அவள் போடுகிற சண்டை வேறு, வெளியாட்கள் முன்னால் அவள் நிற்கிற நிலை வேறு.

முதலாளியின் அறைக்கு வெளியே நீளமான நடை. ஒரு முனையில் மேஜை போட்டு முதலாளியும் மூக்குக் கண்ணாடி போட்ட அந்த அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். குதிகாலார் தூணை ஒட்டி நின்றார். கண் மனைவியின் இடது குதிகாலிலேயே இருந்தது.

அவள் நடந்தாள். வலது காலை லேசாக உள்பக்கம் திருப்பிக் கோணலை மறைத்தாள். இடது காலில் முன்பாதம் மட்டும் தரையைத் தொட, குதிகால் ஒரு நூல் மேலே நின்றது. அது தெரியாமலிருக்க வலது காலிலும் அப்படியே செய்தாள். கெண்டைக்கால் எப்படி வலித்திருக்கும்! முகத்தில் மட்டும் சிரிப்பு மாறவில்லை. கோடிவரை போனாள், திரும்பினாள், வந்தாள். குதிகாலாருக்குப் பயமெல்லாம் எங்கோ போய்விட்டது. என் பெண்டாட்டி, என் பெண்டாட்டி என்று மனசு அடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டதைப் பசை நெடி என்று வைத்துக்கொண்டார்.

“அடேயப்பா! என்ன நடை!” என்று அந்த அம்மா எழுந்தே விட்டார். “ஹீல் தரையில படுறதே தெரியலையே!”

“அதாம்மா எங்க வேலைத்திறமை” என்றார் முதலாளி, மார்பை நிமிர்த்தி.

குதிகாலாருக்கு இருமல் வந்தது.

“ஆர்டர் உங்களுக்குத்தான். இந்த ஜோடியையே கையோட கொண்டுபோறேன். எங்க கடையில எல்லாரும் போட்டு நடந்து பார்க்கட்டும்.”

முதலாளி பெட்டியை எடுத்தார். மனைவி காலணியைக் கழற்றி மேஜையில் மெதுவாக வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். சும்மா இருங்கள் என்றது அந்தப் பார்வை. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எங்கேயோ ஒரு கடையில், முகம் தெரியாத யாரோ ஒருத்தி காலடியில், தான் மாட்டிய குதிகால் கழன்று உருளுவதை நினைத்தார். வேலை போனாலும் போகட்டும், அந்தப் பேச்சு வரக்கூடாது.

“ஐயா, அந்த ஜோடி போகக் கூடாது.”

“ஏன்யா?”

“அது என் வேலை இல்லைங்க. என் கைதான் செஞ்சுது, ஆனா என் வேலை இல்லை.”

சொல்லிக்கொண்டே இடது காலணியைத் தூக்கினார். காலணி கையோடு வந்தது. குதிகால் மட்டும் மேஜையிலேயே நின்றது.

அந்த அம்மா குதிகாலைப் பார்த்தார், காலணியைப் பார்த்தார், பிறகு மனைவியின் கால்களைப் பார்த்தார்.

“அப்ப இவ்வளவு நேரம் நீங்க...?”

“நுனிக்காலுங்க” என்றாள் மனைவி. “மன்னிச்சுக்குங்க. கொஞ்ச நேரம் இருந்தீங்கன்னா அசல் ஜோடியே கொண்டுபோகலாம். மேல்தோல் இன்னொரு ஜோடி தைச்சு, அடித்தட்டும் கட்டி வெச்சிருக்கேன். ஹீல் மாட்டுறது ஒண்ணுதான் பாக்கி.”

“எதுக்குமா ரெண்டு ஜோடி தைச்சே?” என்றார் முதலாளி.

“எப்பவும் ரெண்டு தைப்பேங்க. இவரைக் கட்டிக்கிட்டவளாச்சே.”

அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நான் இருக்கேன். தப்பைத் தானே வந்து சொல்ற ஆளு மாட்டுற ஹீலைக் கண்ணால பார்த்துட்டே போறேன்.”

குதிகாலாருக்கு உயிர் திரும்பி வந்தது. முதலாளிக்குத்தான் ஒன்று பிடிபடவில்லை.

“அது சரிய்யா, காலையில நான் பார்த்தப்போ ஜோடி கும்முன்னு இருந்துதே. எதுக்குப் பிரிச்சே?”

“நீங்கதானேய்யா ஆணி வேறன்னு சொல்லியனுப்பினீங்க?”

“நானா?”

எல்லோரும் திரும்பி, வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஆபீஸ் பெண்ணைப் பார்த்தார்கள். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“ஐயோ அண்ணே! ‘செவப்பு ஜோடியைப் பார்த்துட்டு முதலாளி சொன்னாரு, இந்தக் கம்பெனிக்கே உங்க வீட்டம்மாதான் ஆணிவேராம்’னு சொன்னேன்!”