ஞாயிற்றுக்கிழமை விசில்

எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் பொய் சொல்கிறார். தெருமுனை வாகை மரத்தில் கூடு கட்டும் செம்பருந்துகள் மனிதரைத் தாக்கும் குணமுள்ளவையாம், அதனால் மரத்தை வெட்ட வேண்டுமாம். அவர் மனு அப்படிச் சொல்கிறது. அது பொய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அதில் முதல் கையெழுத்து என்னுடையது.

மூன்று வருடத்துக்கு முந்தைய மனு. வடகம் காயப்போடத் தட்டோடு மொட்டைமாடி ஏறிய தலைவர் மனைவியின் கையைப் பருந்து கீறிவிட்டது. தலைவர் கொதித்தார். நான் அவரைவிடக் கொதித்தேன் (துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், எதையும் கத்திச் சொல்லித்தான் பழக்கம்). அப்போது கூட்டில் இரண்டு குஞ்சுகள். அதை நான் யோசிக்கவே இல்லை.

விசாரிக்க வனத்துறை அம்மா ஒருவர் வந்தார். கூடு எங்கள் மாடியிலிருந்துதான் நன்றாகத் தெரியும் என்று பெருமையாக அவரையும் தலைவரையும் தெருக்காரர்களையும் ஏற்றினேன். என் மனைவி ஸ்டெல்லா வந்தவர்களுக்கு ஊளி மீன் பொரித்தாள்.

"தட்டைப் பார்த்தா ஏன் இறங்குது? இங்க யாராவது தீனி போட்டுப் பழக்குறீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"எங்க காலனில அப்படி ஒரு கிறுக்கன் கிடையாது மேடம்," என்றேன்.

சொன்ன வாய் மூடவில்லை. கீழே தெருவில் நண்பன் சேவியர் போவதைப் பார்த்தேன். அவனையும் விருந்துக்குக் கூப்பிட, மீன் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்காட்டி ஒரு விசில் அடித்தேன்.

மீன் ஒரு பருந்தின் காலில் வானத்துக்குப் போனது. தட்டும் மசாலாவும் தலைவரின் வெள்ளைச் சட்டைக்குப் போயின. அடுத்த பருந்து எனக்குப் பக்கத்தில் கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்து, ரேஷன் கடைக்காரரைப் பார்ப்பதுபோல என்னையே பார்த்தது.

"என்னவே இது?" என்றார் தலைவர், சட்டையை உதறிக்கொண்டே.

"எனக்கென்ன தெரியும்?"

ஸ்டெல்லாவுக்குப் பொறுக்கவில்லை. "பொய் சொல்லாதிய! மேடம், இவுகதான் ஞாயித்துக்கிழம தவறாம மீன் குடலத் தட்டுல வச்சு மாடிக்குக் கொண்டாந்து, விசிலடிச்சு மேல எறிவாவ. சொன்னா, 'ஏளா, அது நம்ம பருந்து'ம்பாவ."

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "குடலைக் குழி தோண்டிப் புதைங்க. காலி மனையிலயும் கொட்டாதீங்க. மரத்தை விட்டுருங்க," என்றார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். காலி மனையில் கொட்டாத வீடு எங்கள் தெருவில் இல்லை.

நான் எறிவதை நிறுத்தினேன். அதன்பின் பல ஞாயிறுகள் அந்தப் பருந்து சுவரில் வந்து காத்திருந்தது. நான் கற்றுக்கொடுத்ததைத்தான் அது செய்தது. அதற்கு மரண தண்டனை கேட்டுக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். அந்தச் சுவர்ப் பக்கம் போகவே கூசியது.

இன்றும் நான் தட்டைத் தூக்கினால் என் மகள் விசிலடிக்கிறாள். சொந்தக்காரர் கல்யாணப் பந்தியிலும் அடித்தாள். அடிக்கட்டும்.

இந்த வருடமும் கூட்டில் குஞ்சு இருக்கிறது. தலைவர் அந்தப் பழைய மனுவையே மறுபடி நகலெடுத்து அனுப்பியிருக்கிறார், என் கையெழுத்தோடு. என் தப்பை ஊரறியச் சொல்லிவிட்டேன். இனி உங்கள் முறை, தலைவரே. வரும் ஞாயிறு சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லுங்கள்: உங்கள் மனைவியின் கையைப் பருந்து கீறிய அன்று காலை, உங்கள் வீட்டு மீன் குடல் எங்கே போனது?