நான் நிபுணன் இல்லை என்பதை அச்சில் போடவும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் நாளிதழை முதல் பக்கம் தொடங்கி வரி விளம்பரம் வரை ஒன்றுவிடாமல் படிக்கும் பழைய சந்தாதாரன் எழுதுவது. நானும் மனைவியும் நலம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருக்க வேண்டும். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் அணுசக்தி நிபுணன் இல்லை. அணுமின் நிலையத்தின் சலவைப் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உலைக்குள் போய்வருகிறவர்களின் உடுப்பைத் துவைத்து, கதிர்வீச்சு மீட்டரை வைத்துப் பார்த்து, முள் ஆடினால் மறுபடி துவைக்கப் போடுவேன். அவ்வளவுதான். போன வாரம் டிவி விவாதத்துக்கு வரவேண்டிய விஞ்ஞானி கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டாராம். "நீங்க அணு உலையிலதானே இருந்தீங்க? அது போதும் சார், வாங்க" என்று சேனல்காரர் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். புது உலை வேண்டுமா, வேண்டாமா என்று ஆறு பேர் ஒரு மணி நேரம் கத்தினார்கள். நான் வாயைத் திறந்தது ஒரே தடவை, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கேட்க. அத்தனை நேரமும் என் முகத்துக்குக் கீழே 'மூத்த அணுசக்தி நிபுணர்' என்று போட்டிருந்தார்கள் என்பதே வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

மறுநாள் தங்கள் பத்திரிகை 'நிபுணரின் மௌனம் சம்மதமே' என்று எழுதியது. இன்னொரு பத்திரிகை 'கேள்விக்கணைகளில் நிபுணருக்கு நா வறண்டது' என்று எழுதியது. அட, ஏசி காத்துல தொண்டை காஞ்சு போச்சுய்யா! இப்ப என்னடான்னா, அணுசக்திக் கொள்கை வகுக்குற அரசுக் குழு என் மௌனத்தையும் அறிக்கையில சேர்த்து, திங்கட்கிழமை முடிவெடுக்கப் போகுதாம். "விட்டுத்தள்ளுங்க, இப்பதான் உங்களை நாலு பேர் மதிக்கிறாங்க"ங்கறா என் மனைவி. எப்படி விடுறது? புது உலை வந்தா அதுக்குப் பக்கத்துல குடியிருக்கப் போறது என் மகளும் பேத்தியும். வேணும்னாலும் சரி, வேண்டாம்னாலும் சரி, விஷயம் தெரிஞ்சவங்களைக் கேட்டு முடிவெடுக்கட்டும். நான் தண்ணி கேட்டதை வச்சு எடுக்க வேண்டாம். இது என் ஐந்தாவது கடிதம். தாங்கள் மறுப்பு வெளியிடும்வரை தினம் ஒன்று வரும். நான் ஓயமாட்டேன்.

தங்கள் பேனாவுக்கும் அச்சு இயந்திரத்துக்கும் ஒரு குறையும் வராதிருக்க வேண்டிக்கொண்டு,

இப்படிக்கு,
சலவைப் பிரிவு ஊழியர் (ஓய்வு)

பி.கு.: தங்கள் உதவி ஆசிரியரிடம் இப்போதுதான் போனில் பேசினேன். "சலவைப் பிரிவுக்காரர் கடிதத்துக்கெல்லாம் இடமில்லை சார். நிபுணர் எழுதினதுன்னா நாளைக்கே முதல் பக்கத்துல போட்டுடலாம்" என்றார். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள்தான் இருக்கிறது, ஐயா. நிபுணர் என்றே போட்டுக்கொள்ளுங்கள்.