மிளகாய்த்தூள் கடைக்குச் சான்றிதழ்

கடை திறந்த முதல் நாளே வசந்தினியின் கணினித் திரை சிவந்துபோய் நின்றது. "இந்தத் தளம் பாதுகாப்பற்றது. சான்றிதழ் செல்லாது."

வங்கி வேலையை உதறிவிட்டு, உடுப்பிட்டி வீட்டில் மிளகாய் வறுத்து, தும்மித் தும்மி உருவாக்கிய இணையக்கடை அது. ரொறன்ரோவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஜெசிதா, இன்று தளத்தைப் பார்த்துப் பிடித்தால் மாதாமாதம் தூள் எடுப்பதாகச் சொல்லியிருந்தாள். இதைக் கோட்டைவிட்டால் வசந்தினி திரும்ப வங்கி வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அதற்கு அவள் தயாராக இல்லை.

தளம் செய்துகொடுத்த சிவதர்ஷனைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"தம்பி, உந்தச் சான்றிதழ் என்ன சாமான்?"

"கலியாணம் பேசேக்கை மாப்பிள்ளை தன்னைப் பற்றித் தானே சொன்னால் நம்புவினமே அக்கா? பொதுவான ஆள் ஒராள் 'ஓம், உவர் உவர்தான்' எண்டு சொல்லவேணும். அதுதான் சான்றிதழ். அது இருந்தால்தான் ஆக்கள் காசு கட்டக் குடுக்கிற வங்கிக் காட் நம்பரும் வழியிலை ஒருத்தரும் வாசிக்கேலாமல் பூட்டுப்பட்டுப் போகும். காலையிலைதான் எடுத்தனான். இண்டையிலை இருந்து மூண்டு மாதத்துக்குத்தான் செல்லும், அதுக்கு முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை. எனக்கு வடிவாத் திறக்குதே!"

"செய்த ஆளுக்குத் திறக்கும்தானே. வேறை எடும்!"

எடுத்தான். சிவப்பு. காசு கட்டி இன்னொன்று எடுத்தான். அதற்கும் சிவப்பு.

"அக்கா, திரையைப் படமெடுத்து அனுப்புங்கோவன்."

"படமெடுக்க இதென்ன கலியாண வீடே? அடுத்ததை எடும்!"

அடுத்ததும் சிவந்தது. சிவதர்ஷன் தொலைபேசியை எடுப்பதையே விட்டுவிட்டான். வசந்தினிக்கு அழுகை வந்தது, அழ நேரமில்லை. கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஜெசிதா அழைத்தாள்.

"வசந்தினி, கடை நல்ல வடிவாயிருக்கு. காட் நம்பர் போடப்போறன்."

வசந்தினிக்குப் பகீரென்றது. தன் கடைதான் திறக்கவேயில்லையே! அப்படியென்றால் இவள் பார்ப்பது யாருடைய கடை?

"ஐயோ அக்கா, போடாதேங்கோ! அது நாங்களில்லை! ஆரோ கள்ளர் எங்கடை கடை மாதிரியே செய்து வைச்சிருக்கிறாங்கள்!"

ஜெசிதா பயந்துபோய்த் தொடர்பைத் துண்டித்தாள். வசந்தினி தன் கைத்தொலைபேசியில் பார்த்தாள். அதிலும் கடை ஜோராகத் திறந்தது. கள்ளர் அதற்குள்ளும் புகுந்துவிட்டார்கள்! உடனே முகநூலில் எழுதினாள்: "எங்கள் பெயரில் போலிக்கடை! ஒருவரும் வாங்க வேண்டாம்!" லண்டன் முதல் சிட்னி வரை ஊர்ச்சனம் அதைப் பகிர்ந்து தள்ளியது. அவள் செய்த விளம்பரங்களில் இவ்வளவு பேர் பார்த்தது இது ஒன்றைத்தான்.

இனிப் பொலிஸ்தான். தாளை எடுத்து முறைப்பாடு எழுத உட்கார்ந்தவள், விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த மாமனார் சண்முகநாதனிடம் கேட்டாள்.

"மாமா, இண்டைக்கு என்ன திகதி?"

"பேப்பரிலை உள்ளதோ, கொம்பியூட்டரிலை உள்ளதோ பிள்ளை? ஆடி மாதத்திலை புதுக்கடை திறக்கக் கூடாதெண்டு விடியவே அதை ஆனிக்குத் திருப்பி விட்டனான்."