பாகு மாஸ்டரின் கெட்டி ரத்தம்

திண்டிவனத்தில் பஸ் ஏறி, உட்காராமல், அந்த பஸ்ஸுக்குள்ளேயே விழுப்புரம் வரை நடந்து போன ஒரே மனிதர் எங்கள் பாகு மாஸ்டர்தான்.

என் மாடி வீட்டுக்குக் கீழே இருக்கும் மிட்டாய்க் கடையில் அவர் சரக்கு மாஸ்டர். ஜாங்கிரிப் பாகை விரலால் தொட்டு, ஒரு கம்பி, கெட்டியானால் இரண்டு கம்பி என்று பதம் சொல்வார். சொன்ன கையோடு விரலைச் சப்பியும் விடுவார். சப்பிச் சப்பியே சர்க்கரை வந்தது என்பது அவர் மனைவியின் கட்சி.

போன வருஷம் அவர் பாதங்கள் சில்லிட்டுப் போயின. தெருமுனை தாண்டுவதற்குள் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. விழுப்புரத்து டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

"சர்க்கரை ஏறி ரத்தம் கெட்டியாயிருக்குது. அணுக்கள் வெறைச்சிப் போய், சின்னக் குழாய்ல நெளிஞ்சி நுழைய மாட்டேங்குது. இப்படியே விட்டா காலுக்கே ஆபத்து. மாத்திரையோட, தெனம் நடங்க. வலிச்சா நில்லுங்க, வலி போனதும் மறுபடி நடங்க" என்றார் டாக்டர்.

மாஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் தொழில் புத்தி போகவில்லை. "இப்ப இன்னா பதத்துல கீது டாக்டர்? ஒரு கம்பியா, ரெண்டு கம்பியா?"

"ரெண்டு கம்பின்னே வச்சிக்கங்க."

அவ்வளவுதான், மாஸ்டர் நடக்க ஆரம்பித்தார், ஊரே பேஜாரானது. அவரிடம் பேச வேண்டியவர்கள் கூடவே நடக்க வேண்டும். கல்யாண லட்டு சொல்ல வந்த சம்பந்திகள் ஏரிக்கரை வரை போய், மூச்சு வாங்கியதில் லட்டையே மறந்து திரும்பினார்கள். வலி பிடித்தால் அந்த இடத்திலேயே சிலையாக நின்றுவிடுவார். ஒருமுறை மாப்பிள்ளை ஊர்வலத்தின் நடுவில் நின்றார். ஆரத்தி முதலில் அவருக்குத்தான் சுற்றினார்கள்.

சில மாதம் கழித்து, மறு பரிசோதனைக்கு மாஸ்டரும் அவர் மனைவியும் நானுமாகக் கிளம்பினோம். பஸ்ஸில் மாஸ்டர் முன்படிக்கும் பின்படிக்கும் உலாத்தினார்.

கண்டக்டர் பொறுத்துப் பார்த்தார். "பெரியவரே, நடந்துகினே வர்றதுன்னா டிக்கெட் எதுக்கு வாங்கினீங்க?"

"டிரைவர ஜல்தியா ஓட்டச் சொல்லுப்பா. நான் முன்னாடி போய்ச் சேந்துடப் போறேன்!"

விழுப்புரத்தில் டாக்டர் அவர் பாதத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"நாடி நல்லாத் துடிக்குது. சர்க்கரையும் எறங்கியிருக்குது. கால் தப்பிச்சிது. நடக்கிறத மட்டும் விட்றாதீங்க."

"ஒரு கம்பிக்கு வந்துட்டேன்!" மாஸ்டர் போட்ட கூச்சலில் வெளியே காத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் கைதட்டினார்கள். மாஸ்டர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, வராந்தாவை வெற்றி ஊர்வலமாக ஒரு சுற்று வந்தார்.

அவர் மனைவி மட்டும் குனிந்து அந்தப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். "சூடா கீதுங்க" என்றார்.

இப்போதும் விடிகாலையில் என் ஜன்னலுக்குக் கீழே அவர் செருப்புச் சத்தம் போகும். அது கேட்டால்தான் எனக்குப் பொழுது விடிகிறது.