முதல் ஓலையும் ஒரு ஜெபக் குறிப்பும்

அன்புள்ள கிறிஸ்துதாஸ் அத்தானுக்கு, கீரிப்பாறையிலிருந்து மைத்துனன் நேசையன் எழுதுவது. கர்த்தரின் கிருபையால் இங்கே எல்லாம் சுகம், மகன் அபினேஷின் தலைமுடி நீங்கலாக. மஸ்கட்டில் நீங்களும் செல்லபாய் அக்காவும் சுகமா? வாட்ஸப்பில் எழுதினால் குடும்பக் குழுவில் போய் விழுந்துவிடும் என்று பயந்து, இதை லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் நம்ம ஊர்ப் பையன் ஸ்மைலின் வசம் கொடுத்தனுப்புகிறேன்.

கல்யாணத்துக்கு மூன்றே வாரம். பையனுக்கு இருபத்தாறு வயதுதான், சீப்பை வைத்தால் முடி கொத்தாக வருகிறது. அவன் மேசையில் டாக்டர் சீட்டு கிடந்தது. தடவுவதற்கு மினாக்சிடில், அல்லது விழுங்குவதற்கு ஃபினாஸ்டரைடு. மருந்துக்கடையில் விசாரித்தேன். தடவுவது முதலில் சில வாரம் இன்னும் கொட்டவைத்து, மாதக்கணக்கில் கழித்துத்தான் முளைக்க வைக்குமாம். மாத்திரை நல்லதாம், ஆனால் சிலருக்கு அந்த ஆசை குறையுமாம். புதுமாப்பிள்ளைக்கு எதைக் கொடுப்பது அத்தான்? "எதலே திங்குக?" என்று கேட்டால், "அப்பா, சும்மா இரும்" என்கிறான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண அறிவிப்பு, மூன்று ஓலைகளில் முதல் ஓலை வாசிப்பு. மனசு கேளாமல், "மகன் அபினேஷ் தின்னும் மாத்திரையால் ஆண்மைக்குக் குறைவு வராதபடி" என்று ஜெபக் குறிப்பு எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டேன். அதை மைக்கில் வாசிப்பார்கள் என்பது பதற்றத்தில் மறந்தே போயிற்று. போதகர் ஓலையை வாசித்து, "இவர்கள் இணையத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்" என்றார். அடுத்ததாக என் குறிப்பை வாசித்தார். இரண்டாவது பெஞ்சில் பெண்ணின் அத்தை தங்கபாய்! மத்தியானமே கொட்டாரம் ஊரிலிருந்து சம்பந்தி போன். "ஓய், மாப்ளைக்கு என்ன கேடு? உள்ளதச் சொல்லும். ரெண்டாவது ஓலை வாசிக்கண்டாம்."

வீட்டுக்காரி ஞானபாய் என்னோடு பேசுவதில்லை. சோறு மட்டும் வருகிறது. என் கையாலேயே பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே அத்தான். மருந்துத் துறையில் இருப்பவர் நீங்கள். எந்த மருந்து என்று சொல்லி, சம்பந்தியிடமும் ஒரு வார்த்தை பேசவேண்டும்.

கர்த்தர் உங்கள் வேலையையும் அக்காவின் முழங்காலையும் காப்பாராக.

இப்படிக்கு,
நேசையன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மணப்பெண் ஜெஸ்மி தன் அப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "மாமா, அவர டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போனதே நாந்தான். மாத்திரைய அவரு தொடவே இல்ல. ரெண்டு வாரமா லோஷன்தான் தேய்க்காரு, அதுதான் இப்படிக் கொட்டுது. கொட்டுனா கொட்டட்டு, நான் ஆளத்தான கெட்டுகேன்?" என்றாள். சம்பந்தி தலை குனிந்தார். நான் அழுதுவிட்டேன் அத்தான். வரும் ஞாயிறு இரண்டாவது ஓலை. மருந்தைப் பற்றி ஒன்றும் எழுதவேண்டாம், டிக்கெட் போடுங்கள்.