அக்காவின் மாமரத்துக்கு நான் பார்த்த வைத்தியம்

மூன்று நாள் படித்தவனை எந்தத் தோட்டத்துக்குள்ளும் விடக்கூடாது. மூன்று வருஷம் படித்தவனுக்குத் தனக்குத் தெரியாதது எவ்வளவு என்றாவது தெரியும். மூன்று நாள்காரனுக்கு அந்தத் தொந்தரவு கிடையாது. எழுபதுகளின் தொடக்கத்தில் திருவள்ளூரில் நடந்த பழத்தோட்டப் பயிற்சியில் மூன்றே நாள் உட்கார்ந்து எழுந்தவன் நான். (மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் உட்கார்ந்திருந்தேன் என்பது முழு உண்மை ஆகாது. தூங்கினேன்.)

திருப்பாச்சூர் பக்கத்தில் என் அக்கா வீடு. கிணற்றடியில் ஒரு பங்கனபள்ளி ஒட்டுமரம். அக்காவின் வீட்டுக்காரர் ஆந்திரா பக்கம் போய்க் கன்றைத் தோளில் சுமந்துவந்து நட்டார். அதே வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். ஆறு வருஷமாக மரம் தழைத்ததே ஒழியப் பூக்கவில்லை. "அவுரு வச்ச மரத்துல ஒரு பழம் தின்னுட்டா போதும்டா எனக்கு" என்பாள். அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்கு நினைவில்லை.

"கவலய வுடுக்கா, நான் படிச்சிக்கினு வந்திருக்கேன்" என்றேன். பட்டையை வளையமாக உரித்தால் மரம் பூக்கும் என்பது என் படிப்பு. அக்காவுக்கோ ஊர் வழக்கத்தில்தான் நம்பிக்கை. காய்க்காத மரத்தை ஒருவர் கோடாலி காட்டி மிரட்ட வேண்டும், இன்னொருவர் மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும். பழசு, புதுசு இரண்டையும் சேர்த்தே செய்துவிடலாம் என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கோடாலியை ஓங்கினேன். "காய்க்கிறியா, வெட்டட்டுமா?"

"வேணாம், உட்டுடு. அடுத்த வருசம் காய்க்கும். நான் பாத்துக்கறேன்" என்று அக்கா மரத்தைக் கட்டிக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். என்னமாய் நடிக்கிறாள் என்று நினைத்தேன், மடையன்.

பிறகு கத்தியை எடுத்து, அடிமரத்தைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குப் பட்டையை உரித்தேன்.

"இன்னாடா, இம்மாம் அகலமா?"

"கம்மியா உரிச்சா கம்மியாத்தான் காய்க்கும்."

"சாணியும் செம்மண்ணும் கொழச்சிப் பூசட்டுமா? மரத்துல அடிபட்டா அதான பூசுவாங்க."

"அதெல்லாம் அந்தக் காலம். நீ சும்மா இருக்கா."

தை மாதம் இலை தெரியாமல் பூத்தது. சித்திரையில் கிளைக்குக் கிளை காய். டீக்கடையில் நான் பேசிய பேச்சுக்கு எனக்கே ஒரு மாலை போட்டுக்கொண்டிருக்கலாம். போதாததற்கு, பயிற்சி நடத்தியவரையே கூட்டிவந்து காட்டினேன். அவர் காயைப் பார்க்கவில்லை. குனிந்து அடிமரத்தைத் தடவிப் பார்த்தார்.

"யாருப்பா பண்ணது?"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"ஒரே ஒரு கெளையில, ஒரு வெரல் அகலத்துக்கு உரிச்சி, சாணி மண்ணு பூசுங்கன்னு தானே சொன்னேன். கேக்கலியா நீ? இது போவப் போவுது. போறதுக்கு முன்னாடி காய்ச்சிருக்குது."

அக்கா அப்போதுதான் முதல் பழத்தைப் பறித்து வைத்திருந்தாள். அவர் போனதும் அதை அறுத்து, கொட்டை வரைக்கும் தின்றாள். எனக்கு ஒரு துண்டு கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஐப்பசிக்குள் மரம் காய்ந்துவிட்டது. திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்துப் போனேன். "நான் நெசமாத்தாண்டா கெஞ்சினேன்" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த மழைக்கு இன்னொரு ஒட்டுக்கன்று வைத்தாள். அது பூக்கச் சுணங்கியபோது, ஒரு கிளையில் ஒரு விரல் அகலத்துக்கு அவளே உரித்து, அவளே சாணி பூசினாள். நான் வேலிக்கு வெளியே நிறுத்தி வைக்கப்பட்டேன். முதல் பழத்தைச் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது என் கையில் கொடுத்து, "தின்னுடா, இது நீ கை வைக்காத மரம்" என்றாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் பாயசம் நன்றாக வந்தால்கூட "மாமா கை வைக்கல போலக்குது" என்று பிள்ளைகள் ஆரம்பித்துவிடும். நானும் சேர்ந்து சிரிப்பேன். அன்றைக்கு முதலில் சிரித்தவள் அக்காதான். வீட்டுக்காரர் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.