மூடி அண்ணாச்சி திருப்பி அனுப்பிய போணி

சேரன்மகாதேவியில் மூடி அண்ணாச்சியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. பாம்பென்றால் பயமில்லை, ஆற்றில் வெள்ளம் வந்தாலும் பயமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பா என்றால் மட்டும் மனிதருக்குக் குலை நடுங்கும். கொடுமை என்னவென்றால், கடைத்தெருவில் அவர் விற்பதே சாப்பாட்டு டப்பாதான். மூடியைப் பத்துத் தடவை திறந்து மூடிப் பார்க்காமல் எதையும் தரமாட்டார். அதனால் அந்தப் பெயர்.

பிளாஸ்டிக்கைக் கடைக்குள்ளேயே விடமாட்டார். "சூடா சாம்பார் சாதத்த அதுல அடைச்சா, பிள்ள சாம்பாரையா திங்கும்? டப்பாவையும் சேத்துலா திங்கும்!" என்பார். கேட்டவர்கள் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பிள்ளையின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார்கள்.

என் மகள் யாழினி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த சமயம். மனைவிக்குத் தூத்துக்குடியில் வேலை, விடிந்ததும் பஸ் ஏறிவிடுவாள். சாப்பாடு கட்டுவது என் பொறுப்பு. 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று போட்டிருந்த மூங்கில் டப்பாவை ஆன்லைனில் வாங்கி, மெச்சிக்கொள்வார் என்று அண்ணாச்சியிடம் காட்டினேன். முகர்ந்தார். நகத்தால் சுரண்டினார்.

"மூங்கில் தூளப் பிசின்ல கொழைச்சிருக்கான் வே. சூடு பட்டா என்ன ஆவுமோ!"

வெடிகுண்டைத் தூக்குவதுபோல் தூக்கி வெளியே வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை கடை திறந்ததும் யாழினியோடு போய் நின்ற நான்தான் முதல் ஆள். பெரிய பிள்ளைகளுக்கென்று அவர் வைத்திருந்த, நாலு பக்கமும் கிளிப் போட்ட எவர்சில்வர் டப்பாவை எடுத்தேன். தலைகீழாகக் கவிழ்த்தாலும் ரசம் சிந்தாது. அண்ணாச்சி அதை யாழினியிடம் கொடுத்தார்.

"தெற தாயி."

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஒரு கிளிப்கூட அசையவில்லை.

"இது வேண்டாம் வே. தரமாட்டேன்."

முதல் போணிக்கு வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்ப எந்த வியாபாரிக்கும் மனசு வராது. அன்றைய வியாபாரமே படுத்துவிடும் என்று நம்புகிற ஊர் இது.

"போணிய கெடுக்கீங்களே அண்ணாச்சி?"

"போணி கெட்டா கெடட்டும். பள்ளிக்கூடத்துக்கு வந்து நீரா தெறந்து குடுப்பீரு? பிள்ள பட்டினி கெடந்தா?"

எனக்கு வந்ததே கோபம்! அடுத்த தெருவுக்குப் போய் அதே மாதிரி டப்பாவை வாங்கிச் சோறு கட்டிக் கொடுத்தேன்.

சாயங்காலம் டப்பா நிறைந்தபடியே திரும்பி வந்தது. "பசிக்கலப்பா" என்றாள். இரண்டாம் நாளும் பசிக்கவில்லை. பூச்சியோ, காய்ச்சலோ, யாராவது அடிக்கிறார்களோ என்று உலகத்தில் உள்ள பயமெல்லாம் பட்டேன், கிளிப்பை மட்டும் நினைக்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் பள்ளியிலிருந்து போன் வந்தது. பிள்ளை மயங்கி விழுந்துவிட்டாளாம்.

வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. பெஞ்சில் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. விரல்நுனியெல்லாம் சிவந்து கன்றிப்போயிருந்தது.

"தெறக்க வரலப்பா. டீச்சர்ட்ட சொன்னா ஒன்னைய ஏசுவாங்கன்னு பயமா இருந்துச்சு."

அன்று சாயங்காலமே அவளைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனேன். கிழித்துத் தோரணம் கட்டுவார் என்று நடுங்கிக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. முகம் வெளுத்துப்போய், சும்மா கவிழ்த்து மூடுகிற சாதாரண எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்தார்.

"பைய தெற தாயி."

திறந்தாள். நம்பாமல் பத்துத் தடவை திறக்கவைத்தார்.

எனக்கும் நம்பிக்கை வரவில்லை. மறுநாள் சாப்பாட்டு மணி அடிக்கும் நேரத்துக்குப் பள்ளி கேட்டுக்கு ஓடினேன். கடையைப் பூட்டிவிட்டு எனக்கு முன்னாலேயே வந்து, கம்பியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார் மூடி அண்ணாச்சி. வேப்பமரத்தடியில் யாழினி டப்பாவை மடியில் வைத்தாள்.

"எனக்கு இங்கன இருந்து கண்ணு சரியாத் தெரியல. தெறந்துட்டாளா வே?"

"இன்னும் இல்ல அண்ணாச்சி."

மூடி கழன்று வந்தது. தயிர்சாதத்தை அள்ளி வாயில் வைத்தாள்.

"திங்க ஆரம்பிச்சுட்டா அண்ணாச்சி."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். டப்பா காலியாகும்வரை விடவில்லை. என் பிள்ளைக்காகப் பயப்பட இன்னொரு ஆள் இருக்கிறார் என்று தெரிந்ததும், எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.